தினம் ஒரு வெடி

காபூல்
16.5.1976

அன்புத் தங்கை வடிவுக்கு,

அண்ணன் கார்மேகம் எழுதுவது. வந்து சேர்ந்துவிட்டேன், உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும்.

துபாயில் விமானம் ஏற்றிவிடும்போது மாப்பிள்ளை, "மச்சான், புஜைராவுல ரோட்டுக்கு மலையை உடைச்ச மாதிரி இங்கேயும் உடைச்சிருங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். இங்குள்ள மலைகளைப் பார்த்த பிறகு புஜைரா மலையை மலை என்று சொல்ல வாய் வரவில்லை. இந்த நாட்டுக்கு எந்தப் பக்கமும் கடல் கிடையாதாம். செம்பு கிடைத்தாலும் லாரியில் ஏற்றி, கணவாய் தாண்டி, கராச்சிக்குக் கொண்டுபோய்த்தான் கப்பலில் ஏற்ற வேண்டும் என்று இன்ஜினியர் சொன்னார்.

என்னோடு ராமையா அண்ணன் என்று ஒருவர் வந்திருக்கிறார். ஆலங்குடிப் பக்கம், நம்மைப் போலவே கிணற்று வெடி வைத்தவர். வயது கூடுதல், வாய் அதைவிடக் கூடுதல். நாளை இருவரும் மலைமேல் செம்பு தேடும் முகாமுக்குப் போகிறோம்.

தபால் தனியாகப் போட வேண்டாம், கம்பெனிப் பையிலேயே கொடுத்தால் துபாய் ஆபீசுக்குப் போய்விடும் என்றார்கள். பையைப் பிரிப்பது மாப்பிள்ளைதானாமே. நல்லதாகப் போயிற்று.

மதினிக்கு இது மூன்றாம் மாதம். அடிக்கடி ஊருக்கு எழுது.

அன்புடன்,
கார்மேகம்


தேரா, துபாய்
12.6.1976

அன்புள்ள அண்ணனுக்கு,

வடிவு வணங்கி எழுதுவது. இங்கு இருவரும் நலம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மலைத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம்.

இங்கே வெயில் ஏறிவிட்டது. மாலையில் க்ரீக் என்கிற உப்பங்கழி ஓரம் நடந்தால் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறது. என்னையும் ஆபீசில் டைப் செய்ய அழைத்துக்கொண்டார்கள். நீங்கள் கிணறு கிணறாக இறங்கிப் படிக்க வைத்த கெமிஸ்ட்ரிக்கு இங்கே வேலையில்லை. ஹாஸ்டலில் கற்ற டைப்ரைட்டிங்தான் உதவுகிறது. பக்கத்து மேசையில் ஒரு கோவாக்காரப் பெண். அவள் இங்கிலீஷில் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பதில் தெரியும். ஆனால் அது தொண்டைக்கு வருவதற்குள் அவள் திரும்பிக்கொண்டு விடுகிறாள்.

நான் டைப் செய்வது முதலீட்டாளர்களுக்கான புத்தகம். அந்த நாட்டில் என்னென்ன கனிமம் இருக்கிறது, செம்பு எவ்வளவு ஆழத்தில் இருக்கலாம், வெளிநாட்டார் பணம் போட்டால் அரசாங்கம் என்னென்ன சலுகை தரும் என்றெல்லாம் அதில் வரும். பெரிய துரை மேசையில் நீங்கள் அனுப்பிய பச்சைக் கல் ஒன்று இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் உட்காருவதற்கு முன் அதைக் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். என் அண்ணன் உடைத்த கல் என்று சொல்ல ஆசையாக இருக்கும். சொன்னதில்லை.

உங்கள் மாப்பிள்ளை கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

என்றும் அன்புள்ள,
வடிவு


மலை முகாம்
30.7.1976

அன்புத் தங்கை வடிவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். உன் மூக்குக்கண்ணாடி நலமா என்று ராமையா அண்ணன் கேட்கிறார். உன் கடிதத்தை வாசித்துக் காட்டச் சொல்லி அவரும் கேட்டுக்கொள்கிறார். தப்பாக நினைக்காதே, அவருக்கு எழுத்து வராது.

மலையின் இடுப்பில் சுரங்கம் வெட்டுகிறோம். சுரங்கத்தின் வாயில் செம்புப் பச்சை நன்றாக ஓடியது. இரண்டு ஆள் நீளம் உள்ளே போனதும் தேய்ந்துவிட்டது. இன்ஜினியர் தினமும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போகிறார். துபாய்க்கு அனுப்பும் கல்லை வாயிலிருந்துதான் எடுக்கச் சொல்கிறார். ராமையா அண்ணன் அந்தப் பச்சையைப் பார்த்து, "இதை உருக்கினா ஊருக்கு ஒரு கரண்டி வரும் தம்பி. கொழம்பு ஊத்துறவனுக்குக் கரண்டி, மத்தவனுக்குக் கை" என்றார். அவர் பேச்சுக்காகவே வேலை ஓடுகிறது.

ஐப்பசியில் பனி விழுந்து பாதை அடைத்துவிடுமாம். அதற்குள் கடைசி லாரி எல்லோரையும் இறக்கிவிடும். நான் நேரே ஊருக்குப் போய்விடலாம் என்றிருக்கிறேன். பிரசவத்துக்குப் பக்கத்தில் இருக்கலாம். மாப்பிள்ளையிடம் சொல்லிவை, என் பாஸ்போர்ட் கம்பெனியின் காபூல் ஆபீசில்தான் இருக்கிறது.

அன்புடன்,
கார்மேகம்


தேரா, துபாய்
29.9.1976

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் நலமாக இருக்கிறோம். இவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். உங்கள் நலம் கேட்கச் சொன்னார்.

நோன்புப் பெருநாள் முடிந்த மறுநாள் பெரிய துரை ஓட்டலில் விருந்து வைத்தார். இந்த ஊர் வியாபாரிகள், குவைத்திலிருந்து வந்தவர்கள், பம்பாய்க்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். குளிர்காலத்தில் வேலை நின்றுவிடுமா என்று ஒருவர் கேட்டார். இவர் எழுந்து, தன் மச்சானே மலைமேல் இருக்கிறார், ஒரு நாளும் வேலை நிற்காது என்று இங்கிலீஷில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். துரை இவர் தோளில் கை போட்டுக்கொண்டார். இவருக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்து நான் பார்த்ததில்லை. எல்லாம் உங்களால்தான்.

பிரசவத்துக்குக் கார்த்திகைக் கடைசியில் நாள் சொல்லியிருக்கிறார்களாம். நீங்கள் வருவீர்களா என்று மதினி கேட்டு எழுதியிருக்கிறார். என்ன பதில் எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குச் சிறு வயதில் இளைப்பு இருந்தது, குளிர் ஆகாது என்பதும் ஞாபகம் வருகிறது. எது சரியென்று உங்களுக்குப் படுகிறதோ அப்படிச் செய்யுங்கள் அண்ணே.

அன்புள்ள,
வடிவு

மச்சானுக்கு: வடிவு எல்லாம் எழுதிவிட்டாள். இந்த ஒரு குளிர்காலம் நம் ஆள் ஒருவர் அங்கே இருந்தால் எனக்குப் பெரிய பலம். மற்றது உங்கள் இஷ்டம். ரெங்கராஜ்.


மலை முகாம்
24.10.1976

அன்புத் தங்கைக்கு,

நலம். உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வரக்கூடாது.

கடைசி லாரி நாளைக் காலை இறங்குகிறது. இந்தக் கடிதமும் அதில்தான் வருகிறது. நான் வரவில்லை.

நேற்று இன்ஜினியர் எங்களை வரிசையாக நிற்க வைத்து, குளிருக்கு யார் தங்குவீர்கள் என்று இந்தியில் கேட்டார். இரண்டு பேர் போதும் என்றார். எனக்கு உன் கடிதம்தான் நினைவில் இருந்தது. நீ கேட்காமல் கேட்டது அண்ணனுக்குப் புரியாதா? அத்தனை பேர் முன்னால் மாப்பிள்ளை வாக்குக் கொடுத்துவிட்டார். நான் இறங்கி வந்து நின்றால் அவர் முகம் என்ன ஆகும்? நீ அந்த வீட்டில் எப்படித் தலை நிமிர்ந்து சோறு போடுவாய்? கையைத் தூக்கினேன்.

ராமையா அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க நின்னா நானும் நிக்கிறேன் தம்பி. ஒத்தையில உங்களுக்குப் பேச்சுத்துணைக்கு அந்தக் கோவேறு கழுதையா வரும்?" என்று அவரும் தூக்கிவிட்டார்.

வேலை பெரிதாக ஒன்றுமில்லை. தினம் ஒரு வெடி வைக்க வேண்டும். தொடர்ந்து வேலை நடக்கவில்லை என்றால் கம்பெனிக்குக் கொடுத்த உரிமையை அரசாங்கம் எடுத்துக்கொள்ளுமாம். கீழ்க் கிராமத்தில் ஒரு அதிகாரி இருக்கிறார். சத்தம் கேட்டால் வேலை நடக்கிறது என்று அவர் எழுதிக்கொள்வார். உள்ளூர்க்காரர் இருவரும் எங்களோடு இருக்கிறார்கள்.

மதினியிடம் பக்குவமாகச் சொல். நானே கேட்டுத் தங்கினேன் என்று எழுது.

அன்புடன்,
கார்மேகம்


தேரா, துபாய்
14.11.1976

அண்ணே,

இந்தக் கடிதம் பையில் வரவில்லை. நைஃப் ரோட்டில் ரொட்டி சுடும் பட்டாணிக்காரரின் மைத்துனர் காபூலில் கடை வைத்திருக்கிறாராம். பட்டாணிக்காரர் மூலம் அவருக்கு அனுப்புகிறேன். பாதை திறந்திருந்தால் மேலே ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். ரொட்டி வாங்கப் போன கூட்டத்தில் நின்று இதைக் கேட்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

நான் கேட்கவில்லை அண்ணே. உங்களைத் தங்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அன்று இவர் எதிரே உட்கார்ந்திருந்தார். ஒரு வரி எழுதியதும், "என்ன எழுதுற, வாசி" என்றார். மதினி கேட்டதையும் உங்கள் இளைப்பையும் எழுதினால், வா என்று சொல்வதாக உங்களுக்குப் புரியும் என்று நினைத்தேன். நீங்களோ அதை வராதே என்று படித்துவிட்டீர்கள்.

விருந்தில் நடந்த இன்னொன்றையும் நான் எழுதவில்லை. பெண்கள் மேசை துரையின் மேசைக்குப் பின்னால் இருந்தது. கைதட்டல் அடங்கியதும் துரை பக்கத்திலிருந்தவரிடம் மெல்லச் சொன்னார்: அங்கே நாலு ஆள், ஒரு அடுப்பு, கொஞ்சம் வெடிமருந்து, வசந்தம் வரை உரிமை கையில் இருந்தால் போதும், அதற்குள் பெரிய கம்பெனி எதற்காவது விற்றுவிடலாம் என்று. செம்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவரும் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்த நாலு பேரில் ஒருவர் யார் என்று இவருக்குத் தெரியும்.

இவர் கெட்டவர் இல்லை அண்ணே. இந்த வேலை போனால் விசா போகும், திரும்பவும் ஒரே அறையில் பத்துப் பேரோடு படுக்க வேண்டும் என்ற பயம். தூக்கத்தில்கூடக் கணக்குச் சொல்கிறார். உங்கள் ஐப்பசிக் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு என்னிடம் நீட்டி, "உங்க அண்ணன் தங்கமான மனுஷன்" என்றார். கண் கலங்கித்தான் சொன்னார். ஆனாலும் ஆள் அனுப்பிக் கூப்பிடுங்கள் என்று நான் சொன்னபோது, "இனிமே பாதை இல்லம்மா, கலாஸ், முடிஞ்சிருச்சு" என்று விளக்கை அணைத்துவிட்டார்.

கால்நடையாக இறங்க முடியுமென்றால் இறங்கிவிடுங்கள். ராமையா அண்ணனையும் கூட்டி வாருங்கள். என் வீட்டு மரியாதையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வடிவு


தேரா, துபாய்
20.1.1977

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்களும் ராமையா அண்ணனும் நலமாக இருக்க வேண்டும். எங்களுக்குக் குறையில்லை.

உங்களுக்குப் பெண் பிறந்திருக்கிறாள். மார்கழி பிறந்ததும் வலி எடுத்ததாம். தாயும் பிள்ளையும் நலம். நிறம் உங்கள் நிறம், மூக்கு மதினி மூக்கு என்று எழுதியிருக்கிறார்கள். நீங்கள் வந்துதான் பேர் வைக்க வேண்டுமாம்.

இது உங்கள் கையில் எப்போது கிடைக்கும் என்று தெரியவில்லை. பை காபூலோடு நிற்கிறது. இரண்டு மாதமாக மேலேயிருந்து தாள் ஒன்றும் வரவில்லை. நேற்றுச் சாப்பிடும்போது, "அண்ணன் எப்படி இருக்காராம்?" என்று இவரிடம் கேட்டேன்.

"நல்லா இருக்காங்களாம்."

"யார் சொன்னா?"

"எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க வடிவு. ரசம் ஊத்து."

ஊற்றினேன். இவரும் அதற்கு மேல் சாப்பிடவில்லை.

அன்புள்ள,
வடிவு


மலை முகாம்
தை மாதம், தேதி தெரியவில்லை

அன்புத் தங்கைக்கு,

நான் இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? பிள்ளை பிறந்துவிட்டதா? ஆணா பெண்ணா?

உள்ளூர்க்காரர் கீழ்க் கிராமத்துக்கு இறங்குகிறார். பாதை திறந்ததும் இது உங்களுக்கு வரும். குளிர் பரவாயில்லை. இப்போது எனக்கு இரண்டு கம்பளி.

சுரங்கத்துக்குள் வெடி வைப்பதை நிறுத்திவிட்டேன். மேலே பனி நிற்கவில்லை. அதற்குப் பதில் தூரத்தில், ஓடைப் பக்கம், கல்லே இல்லாத மண்ணில் வைக்கிறேன். சத்தம்தானே வேண்டும். கணக்குக்கு அது போதும் என்று மாப்பிள்ளையிடம் சொல்.

கார்மேகம்


தேரா, துபாய்
28.4.1977

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் காபூலிலிருந்து நேரே ஊருக்குப் போய்விட்டதாக ஆபீசில் சொன்னார்கள். துபாய் வழியாக வருவீர்கள் என்று நினைத்து உங்களுக்குச் சட்டை எடுத்து வைத்திருந்தேன். நீங்களும் மதினியும் குழந்தையும் நலமா? இதை ஊர் விலாசத்துக்குத் தபாலில் போடுகிறேன். யாரும் பிரிக்க மாட்டார்கள்.

உங்கள் தை மாதக் கடிதம் பங்குனியில் வந்தது. முன்பெல்லாம் ராமையா அண்ணன் சொன்ன ஒரு பேச்சாவது இல்லாமல் உங்கள் கடிதம் முடியாது. அதில் அவர் பேரே இல்லை. இரண்டு கம்பளி என்று மட்டும் இருந்தது. அதைப் படித்துவிட்டு அடுப்படியில் போய் நின்றேன். இவர் பின்னாலேயே வந்து, "எனக்கும் போன வாரம்தான் தெரியும்" என்றார். நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

உரிமை கைமாறிவிட்டது. குளிர்காலத்திலும் ஒரு நாள்கூட வேலை நிற்கவில்லை என்று அந்த நாட்டு அதிகாரியே எழுதிக் கொடுத்திருந்ததால் பேச்சு சீக்கிரம் முடிந்ததாம். இவரை மானேஜர் ஆக்கியிருக்கிறார்கள். வேறு வீடு பார்க்கிறோம்.

ராமையா அண்ணன் மனைவி நாகவள்ளி யாரையோ வைத்துக் கம்பெனிக்கு எழுதியிருந்தார். அதற்குப் பதிலை என்னிடம்தான் டைப் செய்யக் கொடுத்தார்கள். அவர் தன் சொந்த விருப்பத்தின் பேரில் தங்கினார், ஆகவே கம்பெனி பொறுப்பல்ல என்று இருந்தது. அந்த வரியில் என் விரல் ஓடவில்லை. தலைவலி என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். ஆபீஸ் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று பார்த்தேன். கோவாக்காரப் பெண் டைப் செய்து கொடுத்துவிட்டாள். ஒரு நிமிஷம்தான் ஆயிற்று. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். தலைவலி என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது.

என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள். உங்களால் முடியாவிட்டால் வேண்டாம்.

அன்புள்ள,
வடிவு


ஆலங்குடி
29.5.1977

அன்புத் தங்கை வடிவுக்கு,

நானும் மதினியும் பிள்ளையும் சுகம். பிள்ளை முதல் நாள் என்னைப் பார்த்து அழுதாள், இப்போது வருகிறாள். காலில் விரல் இரண்டு பனியில் போய்விட்டது. ஷூ போட்டால் தெரியாது.

பட்டாணிக்காரர் கையில் கொடுத்தனுப்பிய உன் கடிதம் சித்திரையில் காபூலில் கிடைத்தது. அவருடைய மைத்துனர் என்னைத் தேடி வந்து கொடுத்தார். பாதை அடைத்துவிட்டதாம், பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்தார். அவர் கடை வாசலில் உட்கார்ந்து படித்தேன். பிறகு துபாய்க்கு வர மனம் வரவில்லை. உன் மேல் கோபம் இல்லை. மாப்பிள்ளை மேலும் இல்லை. அவர் முகத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் வந்துவிடுமோ என்றுதான் வரவில்லை.

நீ கேட்டதை எழுதுகிறேன். பொங்கல் கழிந்து சில நாள். சுரங்கத்துக்குள் வெடி வைத்துவிட்டு நான் பாறைக்குப் பின்னால் வந்துவிட்டேன். ராமையா அண்ணன் முகாம் வாசலில் தேத்தண்ணிக்குப் பனி அள்ளிக்கொண்டிருந்தார். வெடித்தது. மேலே இருந்த பனி மொத்தமாக இறங்கியது. வேட்டியை உதறி விரிப்பது போல அவ்வளவு அமைதியாக இறங்கியது. நானும் உள்ளூர்க்காரர் இருவரும் கையாலும் தகரத்தாலும் தோண்டினோம். அவரை எடுக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது, உயிர் இல்லை. மறுநாள் வெடி வைக்கவில்லை. மதியம் கீழ்க் கிராமத்திலிருந்து அந்த அதிகாரி ஆள் அனுப்பினார், இன்றைக்கு ஏன் சத்தம் கேட்கவில்லை என்று. அதற்குப் பிறகுதான் ஓடைப் பக்கம் வைக்க ஆரம்பித்தேன்.

இன்று ராமையா அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். இங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கம்பளியைக் கொடுத்தேன். நாகவள்ளி அக்கா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கம்பெனிக் காகிதத்தை என்னிடம் நீட்டினார்.

"தன் இஷ்டத்துக்கு நின்னாருன்னு வாத்தியார் படிச்சுச் சொன்னாரு. குளுரு தாங்காத மனுசன் தம்பி அவரு. மார்கழியில வாசலுக்கே வர மாட்டாரு. எதுக்கு நின்னாரு?"

காகிதத்தில் இருப்பது பொய் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். வழி நெடுக பஸ்ஸில் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. நான் நின்றதால் அவர் நின்றார் என்றேன்.

"நீங்க எதுக்கு நின்னீங்க?"

சொன்னேன். தங்கையைக் கட்டிக்கொடுத்த இடம், மாப்பிள்ளை வாக்குக் கொடுத்திருந்தார், தங்கைக்கு அங்கே ஒரு சொல் வரக்கூடாது என்று நின்றேன் என்றேன். உன் கடிதத்தை நான் தப்பாகப் படித்ததையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை.

அடிப்பார் என்று நினைத்தேன், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்தேன். வெகுநேரம் கம்பளியில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"அந்தத் தங்கச்சி இப்ப நல்லா இருக்காங்களா?"

எழுதிக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அக்கா உள்ளே போய் எனக்குச் சோறு எடுத்து வைக்கிறார். உன் பதில் வந்ததும் திரும்ப வந்து சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். உள்ளதை எழுது.

கார்மேகம்